பெருக்கலாம், வகுக்கக் கூடாது

ஆடிப்பூரத் தேரை ஒட்டிய நாட்கள்தான் போன் கட்டணத்தை ஒப்பிடும் கலைக்கு உகந்த பருவம். துபாய்க்காரர், சிங்கப்பூர்க்காரர், லீவு கிடைத்தால் அமெரிக்காக்காரர் என்று மூன்று திசையிலிருந்தும் சொந்தபந்தங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு போன், போனுக்கு இரண்டு சிம். தேர் நிலைக்கு வந்த மறுநாள் யாருக்கும் பொழுது போகாது. அப்போது மடவார் வளாகத்தில் ஒரு டீக்கடை பெஞ்சைப் பிடித்து, “உங்க ஊர்ல மாசம் ரீசார்ஜுக்கு எவ்வளவு ஆகுது?” என்று ஒரு கேள்வியைப் போட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். இருந்தாலும் முறை தெரியாமல் ஒப்பிட்டு, சொந்த ஊர் பெஞ்சிலேயே தோற்று எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமி, மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் தீராத நோயைத் தீர்த்தவர் என்கிறது தலவரலாறு. வெளிநாட்டு விலையை உள்ளூர் விலையோடு ஒப்பிடும் நோய் நாயக்கர் காலத்தில் இல்லாததால், அதற்கு இங்கே பரிகாரம் எதுவும் ஏற்படவில்லை. ஒருமுறை பிடித்தால் பிடித்ததுதான்.

தேவையானவை: வெளிநாட்டுச் சொந்தங்கள் குறைந்தது இரண்டு பேர், கால்குலேட்டர் உள்ள போன், அன்றைய டாலர் விலை. தேவையில்லாதவை: சம்பளச் சீட்டு, காலண்டர், நூறு நாள் வேலைக்குப் போய்வரும் யாராவது ஓர் அக்கா. இந்த மூன்றும் பெஞ்சுக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் பாடம் பெருக்கல். அவர் எந்த நாட்டுக் காசில் விலை சொன்னாலும், சொல்லி முடிக்கும் முன்பே ரூபாயாக்கிவிடுங்கள். டாலர் என்றால் 85, பவுண்டு என்றால் 110, சிங்கப்பூர் வெள்ளி என்றால் 65, திர்ஹாம் என்றால் 23. உண்மையான விலை இதற்கெல்லாம் மேலேதான் இருக்கும். பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. சத்தமாகப் பெருக்குவதுதான் முக்கியம். மாதிரி உரையாடல்:

“மாப்ளே, அமெரிக்காவுல எம்புட்டு ஆகுது?”

“அன்லிமிடெட் பிளான் மாமா, அறுபத்தஞ்சு டாலர்.”

“அறுபத்தஞ்சா! அஞ்சாயிரத்து ஐநூறு ரூவாயில்ல! அடப்பாவிகளா, இங்க முந்நூத்தம்பது ரூவாய்க்கு ஒரு மாசம் ஓடுதே!”

இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் உச்சுக் கொட்டுவார்கள். மாப்பிள்ளைக்கே தான் இத்தனை நாளும் கொள்ளை கொடுத்தது போல மனசு நோகும். அந்த வேதனையில் அடுத்த ரவுண்டு டீக்கு அவரே காசு கொடுப்பார். மாறாக யாராவது வாய் தவறி, “அங்க சம்பளம் எவ்வளவு மாப்ளே?” என்று கேட்டுவிட்டால் காரியம் கெட்டது. வகுத்தல் ஆரம்பித்துவிடும். இந்தக் கலையில் பெருக்கலாம், வகுக்கக் கூடாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு இலங்கை. யாழ்ப்பாணத்தில் சொந்தம் உள்ளவர்கள் நம் மாவட்டத்து முகாம்களிலும் இருக்கிறார்கள், வெளியிலும் இருக்கிறார்கள். அங்கே ரீசார்ஜ் என்று சொல்வதில்லை, ‘ரீலோட்’. ஆயிரம் ரூபாய்க்கு ரீலோட் போட்டேன் என்று அவர் சொன்னால் அது இலங்கை ரூபாய். நம் காசில் முந்நூறு கூடத் தேறாது. பெருக்க முடியாத நாட்டை ஒப்பிட்டு என்ன பயன்? மேலும், 1989-லேயே செல்டெல் கம்பெனி மூலம் தெற்காசியாவில் முதலில் செல்போன் கண்டது இலங்கைதான். நமக்கு வந்தது ஆறு ஆண்டு கழித்து. ஆகையால் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே உத்தமம்.

அடுத்தது ஆள் தெரிவு, அதாவது எந்தத் திட்டத்தை எந்தத் திட்டத்தோடு மோதவிடுவது என்பது. நம் பக்கத்துப் பயில்வான் கிடைப்பதிலேயே மலிவான திட்டமாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பயில்வான் கிடைப்பதிலேயே கனமானது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் மூன்று: வெரைசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல். ஒற்றை ஆளாகப் போய் அன்லிமிடெட் லைன் கேட்டால் பெரும்பாலும் 60 டாலருக்கு மேல் சொல்வார்கள். அதே திட்டத்தை நான்கு லைனாக எடுத்தால் ஆளுக்குப் பாதி, சில சமயம் அதற்கும் கீழே இறங்கும். அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஃபேமிலி பிளான். எனவே அங்கே போன நம் பையன்கள் இறங்கிய முதல் மாதமே ஒரு குடும்பத்தை ஏற்படுத்திக்கொள்கிறார்கள். ராஜபாளையத்துக்காரன் ஒருவன், குண்டூர்க்காரன் ஒருவன், கோட்டயத்துக்காரன் ஒருவன், நாக்பூர்க்காரன் ஒருவன். நான்கு பேருக்கும் ஒரே பில். ஒருவன் குடும்பத் தலைவன். மாதா மாதம் மற்ற மூவரிடமும் பங்கு வசூலிப்பதுதான் அவன் தலைமை. வேலை மாறி, ஊர் மாறி, ஆளுக்கொரு மூலைக்குப் போய், கல்யாணமும் ஆகி நிஜக் குடும்பம் வந்த பிறகும் அந்தப் பில் குடும்பம் பிரிவதில்லை. சொத்துக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கும் நம் ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அது போக, பெரிய கம்பெனியின் டவரை வாடகைக்கு எடுத்து நடத்தும் மின்ட் மொபைல் போன்றவை மாதம் 15 டாலருக்கே திட்டம் வைத்திருக்கின்றன. இதையெல்லாம் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம், பெஞ்சில் சொல்லக் கூடாது. நமக்கு வேண்டியது 65 என்ற எண். வேண்டுமானால், அங்கே வரி தனியாக வரும், நம் ஊர் பிரீபெய்டு விலைக்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள். அது உண்மையும்கூட.

மூன்றாவதாக ஜிபி. இதுதான் நம் தரப்பின் பிரம்மாஸ்திரம். பிரிட்டனிலிருந்து இயங்கும் கேபிள்.கோ.யுகே என்ற விலை ஒப்பீட்டு நிறுவனம் 2019-ல் உலக நாடுகளின் மொபைல் டேட்டா விலைப் பட்டியலை வெளியிட்டது. ஒரு ஜிபி சராசரியாக இந்தியாவில் 0.26 டாலர். உலகத்திலேயே மலிவு. பிரிட்டனில் 6.66, அமெரிக்காவில் 12.37, ஜிம்பாப்வேயில் 75.20. இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜிம்பாப்வேயில் நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்பதால் அதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாலும் யாருக்கும் மனவருத்தம் வராது.

பட்டியலைப் படித்ததும் செய்தி படிப்பதை நிறுத்திவிடுவது நல்லது. 2022-ல் அதே நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் இஸ்ரேலுக்கு, ஒரு ஜிபி 4 சென்ட். இத்தாலியும் நமக்கு முன்னால் போய்விட்டது. நாம் 17 சென்ட்டில் நின்றோம். அதற்கப்புறம் 2024 ஜூலை வந்தது. ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் ஜியோவில் 239-லிருந்து 299 ஆயிற்று, ஏர்டெலில் 299-லிருந்து 349 ஆயிற்று. கோபத்தில் பிஎஸ்என்எல்-க்கு மாறியவர்கள் நம் ஊரிலும் ஏராளம். மாறிய பிறகு சிக்னலுக்காக மொட்டை மாடிக்கு ஏறியவர்களும் அதே ஆட்கள்தான்.

இங்கே சிங்கப்பூர்க்காரர் குறுக்கிடுவார். அங்கே சிம்பா என்ற நான்காவது கம்பெனி வந்த பிறகு, பத்து வெள்ளிக்கு நூறு ஜிபிக்கு மேல் கிடைக்கிறது. பத்து வெள்ளி 650 ரூபாய். ஒரு ஜிபி ஆறரை ரூபாய்க்குக் கீழே. ஏர்டெலின் அந்த 349 ரூபாய்த் திட்டத்தில் 28 நாளைக்கு மொத்தம் 42 ஜிபி. ஒரு ஜிபி எட்டு ரூபாய்க்கு மேல். பெருக்கிப் பார்த்தும் நாம் தோற்கிற இடம் இது. கலங்க வேண்டாம். “உங்க நாடே எழுநூத்திச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான், டவர் வைக்க என்ன செலவு? நம்ம தமிழ்நாடு ஒரு லட்சத்து முப்பதாயிரம்!” என்று நிலப்பரப்பைக் கையில் எடுங்கள். வாதம் பாதி சரி. மீதிப் பாதியை, அதாவது நான்காவது கம்பெனி வந்தால் விலை இறங்கும், ஒவ்வொன்றாகச் சாய்ந்தால் விலை ஏறும் என்பதை, அவர் சொல்ல விடாதீர்கள். சொல்ல விட்டால் ஏர்செல் கதை வந்துவிடும்.

ஏர்செல் கதை நமக்கு வலிக்கிற கதை. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி, தெற்கத்திச் சீமையில் பாதிப் பேர் விசிட்டிங் கார்டில் ஏறிய நம்பர் அது. 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்து, அடுத்த மார்ச் வரை எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தது. பெஞ்சில் இருந்த நாம் எல்லோரும் சிம் வாங்க வரிசையில் நின்றோம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டது. அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஆட்கள் 1900-க்கு ‘போர்ட்’ என்று மெசேஜ் அனுப்பி, பதில் வருகிறதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துக்கும் மேலே கம்பெனிகள் இருந்த சந்தையில் இப்போது மிஞ்சியது தனியார் மூன்று, அரசு ஒன்று. உலகத்திலேயே மலிவு என்று 2019-ல் பெயர் வாங்கியபோதே அந்த மலிவைக் கொண்டுவந்த போட்டி பாதி செத்திருந்தது. பெஞ்சில் ஏர்செல் பெயர் அடிபட்டால் உடனே பால்கோவா பேச்சுக்குத் தாவிவிடுங்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஆண்டில் நாம் பெருமைப்பட அதுவும் இருக்கிறது.

காலண்டரை ஏன் தூர வைக்கச் சொன்னேன் என்பதை இப்போது சொல்லிவிடலாம். லண்டனிலோ சிங்கப்பூரிலோ மாதக் கட்டணம் என்றால் பெரும்பாலும் முழு மாதம். நம் ஊரில் ஒரு ‘மாசம்’ 28 நாள். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13. சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாதம் உள்ள ஊரில் ரீசார்ஜுக்கு மட்டும் பதிமூன்றாவது மாதம் ஒன்று உண்டு. இதைப் பார்த்துச் சலித்துத்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டமும், மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் குறைந்தது ஒவ்வொன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள். ஆனால் கடையில் போய் “ஒரு மாசத்துக்குப் போடுங்க அண்ணாச்சி” என்றால் விழுவது 28 நாள்தான். தினம் 1.5 ஜிபி என்பதும் இதே ரகம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிச்சம் போய்விடும். நேற்று மிஞ்சியதை இன்றைக்குச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஜிபிக்கு இவ்வளவு என்று நாம் போடும் கணக்கு முழுவதும், 42 ஜிபியையும் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடிப்பவருக்கு மட்டுமே செல்லும்.

பேச்சு தொய்ந்தால் பழைய கதைக்குப் போகலாம். 1995 ஜூலை 31-ம் தேதி கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் போட்டதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும். வருகிற அழைப்புக்கும் காசு. பெல் அடித்தால் எடுக்கவே பயம். 2003 மே மாதம்தான் வருகிற அழைப்பு இலவசமானது. கூப்பிடுகிறவர் காசு கொடுக்க வேண்டும், எடுப்பவர் கொடுக்கத் தேவையில்லை என்று ஆன அந்த நாளிலிருந்து தமிழ்நாடு மிஸ்டு கால் யுகத்தில் நுழைந்தது. ஒரு பெல் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு பெல் என்றால் நீ கூப்பிடு, தொடர்ந்து அடித்தால் ஏதோ கெட்ட செய்தி. ராஜபாளையத்து மில்லில் ஷிஃப்ட் முடிந்து கிளம்புவதை வீட்டுக்குச் சொல்ல யாரும் காசு செலவழித்ததில்லை. 2009-ல் டாடா டோகோமோ ஒரு நொடிக்கு ஒரு பைசா என்று வந்தபோது கொட்டாவி விட்ட நேரத்துக்குக்கூடக் கணக்கு வந்தது.

வெளிநாட்டு அழைப்பின் கதை இதைவிட ருசியானது, அதில் கதாநாயகர்களே தமிழர்கள். 2002 வரை வெளிநாட்டு அழைப்பு முழுக்க விஎஸ்என்எல் என்ற ஒரே கம்பெனி கையில். மஞ்சள் போர்டு போட்ட பூத்துக்குள் நின்று, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே “நல்லா இருக்கியா, சாப்ட்டியா, வச்சிரட்டுமா” என்று மூன்றே கேள்வியில் ஒரு வருஷத்துப் பாசத்தை முடித்தவர்கள் நம் பெற்றோர். அங்கிருந்து பேசுகிறவருக்கும் இதே கதிதான். அப்போது லண்டனிலும் பாரிஸிலும் டொராண்டோவிலும் தமிழ்க் கடைகளில் மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது போன் கார்டு. போர் துரத்தி, உறவுகள் நாலு நாட்டில் சிதறிய ஈழத்தமிழர்களுக்குப் பேச வேண்டியது நிறைய, காசு குறைவு. அந்தத் தேவையைப் பார்த்துத்தான் 2001-ல் லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று தமிழர்கள் லெபாராவைத் தொடங்கினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளே கம்பெனியின் பெயர். 2006-ல் சுபாஸ்கரன் அல்லிராஜா லைகாமொபைலைத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் சொந்த டவர் கிடையாது. பெரிய கம்பெனியிடம் நிமிடங்களை மொத்த விலைக்கு வாங்கி, புலம்பெயர்ந்தவர்களுக்குச் சில்லறைக்கு விற்றார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்க்கும் எவருக்கும் இந்தக் கணக்கு நொடியில் புரியும்.

லைகா என்றால் நம் பெஞ்சுக்குப் படக் கம்பெனி. 2014-ல் கத்தி, 2018-ல் 2.0, அப்புறம் பொன்னியின் செல்வன். அந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்த வியாபாரம், ஏதோ ஒரு குளிர்நாட்டில் இரவு வேலை முடித்து வந்தவர் அம்மாவோடு பேசிய நிமிடங்களில் வளர்ந்தது. வெளிநாட்டுப் போன் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பணக்காரர் ஆனவர்கள் உலகத்தில் உண்டென்றால் இவர்கள்தான். நாமும் ஒப்பிடுகிறோம், டீக்காசு மிச்சம்.

துபாய்க்காரரை மறந்துவிட வேண்டாம். வாட்ஸ்அப் வந்ததும் போன் கார்டுகளெல்லாம் படுத்துவிட்டன, ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. சவூதியில் 2017 செப்டம்பரில் இணைய அழைப்புத் தடையை எடுத்துவிட்டார்கள், அமீரகத்தில் எடுக்கவில்லை. அனுமதித்த போட்டிம் போன்ற ஆப்பில்தான் பேச வேண்டும். 2018-ல் அதற்கென்று தனியாக மாதம் 50 திர்ஹாம் வாங்கினார்கள்; நம் காசில் 1,150. இதுவும் பெருக்குவதற்கு அருமையான எண். துபாய்க்காரர் பரிதாபமாக முகத்தை வைத்துக்கொள்வார், பெஞ்சு நம் பக்கம் சாய்ந்துவிடும்.

இவ்வளவு முறையாகச் செய்தும், ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருமென்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அது ஒரு தூக்குவாளியோடு வரும். வேலை முடிந்து பார்சல் டீ வாங்க வந்த அக்கா, நம் பெருக்கலை ஓரமாக நின்று கேட்டுவிட்டு, “ஏந்தம்பி, அங்கனக்குள்ள ஒரு நாள் கூலி என்ன?” என்பார். அவ்வளவுதான். வகுத்தல் தொடங்கிவிட்டது.

2025-26-க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். பெஞ்சில் நாம் மோதவிட்ட ஏர்டெல் திட்டம் 349. ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று சம்பாதித்தது ஒரு ரீசார்ஜுக்குப் போதவில்லை, 13 ரூபாய் கையை விட்டுப் போட வேண்டும். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆயிற்று. அங்கே லெபாரா, லைகா சிம்மில் 10 பவுண்டுக்குக் கீழேயே மாதத் திட்டம் கிடைக்கும். வேலைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் ரீசார்ஜ் முடிந்தது. அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7.25 டாலரில் நிற்கிறது. 15 டாலர் திட்டத்துக்கு இரண்டு மணி நேரம். நேர்மையாகச் சொன்னால், நாம் உச்சுக் கொட்டிய அந்த 65 டாலர் திட்டத்துக்கு அங்கே அடிமட்டக் கூலிக்காரர் ஒன்பது மணி நேரம் உழைக்க வேண்டும். அவர் பாடும் நம் அக்கா பாடும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அந்தத் திட்டத்தை வைத்திருக்கும் நம் மாப்பிள்ளை அடிமட்டக் கூலிக்காரர் இல்லையே. அவர் காலைக் காபி குடித்து முடிப்பதற்குள் அதைச் சம்பாதித்துவிடுவார். இதனால்தான் சம்பளச் சீட்டு வேண்டாம் என்றேன்.

அக்கா அதோடும் விடமாட்டார். “எனக்கு நெட்டெல்லாம் வேணாம். பட்டன் போனுதான். மக கூப்பிட்டா எடுக்கணும், அம்புட்டுதான். அதுக்கு எவ்வளவு?” நாம் மனப்பாடம் செய்த பட்டியலில் இல்லாத கேள்வி இது. ஜிபி விலையை அளக்க ஆயிரம் ஆராய்ச்சி நடக்கிறது. ஒருவர் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும், அதற்கு என்ன விலை என்று அளக்க யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

நாம் அளந்து பார்க்கலாம். 2005 கடைசியில் 999 ரூபாய் கட்டினால் லைஃப்டைம் என்றார்கள். ஆயுசுக்கும் வருகிற அழைப்பு வரும் என்று நம்பி வாங்கினோம். 2018 கடைசியில் ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும், 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சிம் உயிரோடிருக்கும் என்றன. ஏர்டெலில் அந்த அடிமட்ட விலை 49 ஆகி, 2021 ஜூலையில் 79 ஆயிற்று, அதே நவம்பரில் 99 ஆயிற்று, 2023-ல் 155 ஆயிற்று, 2024 ஜூலையில் 199 ஆயிற்று. ஆறு வருஷத்துக்குள் 35 எங்கே, 199 எங்கே? கூடவே ஓரளவு டேட்டாவும் அன்லிமிடெட் பேச்சும் வந்தது உண்மைதான். பட்டன் போனுக்கு அந்த டேட்டா எதற்கு?

2003-ல் கூப்பிடுகிறவர் காசு கொடுக்க வேண்டும் என்று எழுதிய விதி இப்படித்தான் சத்தமில்லாமல் தலைகீழாகிவிட்டது. லண்டன் மகள் போன் கார்டு வாங்கிய காலத்தில் செலவு முழுக்க மகளுடையது. இன்றைக்கு மகளுக்கு வாட்ஸ்அப் கால் இலவசம். அதை எடுக்க வேண்டுமானால் மடவார் வளாகத்து அம்மாவிடம் ஸ்மார்ட்போனும் 28 நாளைக்கு ஒருமுறை டேட்டாவும் இருக்க வேண்டும். பட்டன் போனுக்குக் கூப்பிட்டாலும், எடுக்கிற ஏர்டெல் சிம்முக்கு 199 கட்டியிருக்க வேண்டும். நாடுகளுக்கு நடுவே ஒப்பிட ஒரே ஒரு கட்டணத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஜிபியில் நாம் ஜெயித்தது பெஞ்சுக்கு. கூப்பிட்டால் எடுக்கிற உரிமைக்கு நம் ஊரில் ஏழை கொடுக்கும் விலை அதிகம், அதுவும் அவர் கூலிக் கணக்கில் மிக அதிகம்.

இதற்கு ஒரு பாதி மருந்து இருக்கிறது. 2024 டிசம்பரில் டிராய், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் வைத்தே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அறிவித்தன. ஏர்டெலில் 84 நாளைக்கு 469, முழு வருஷத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளைக்கு 448, ‘வருஷத்துக்கு’ 1,748. அந்த வருஷத்துக்கு 336 நாள். நூறு நாள் வேலைக் கூலியும் 336, ஜியோ வருஷமும் 336. தற்செயல்தான், யாரும் கோபப்பட வேண்டாம். பதிமூன்று முறை 199 போட்டால் 2,587. அதற்குப் பதில் 1,849 என்றால் 738 ரூபாய் மிச்சம், நூறு நாள் வேலையில் இரண்டு நாள் கூலிக்கு மேல்.

இந்தத் திட்டங்களைக் கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். ஆகவே தேருக்கு வந்திருக்கும் வெளிநாட்டுச் சொந்தங்களே, பெஞ்சை விட்டு எழுந்து போகும்போது அப்படியே ரீசார்ஜ் கடைக்கும் போங்கள். உங்கள் அம்மாவின் நம்பரைச் சொல்லி, பட்டன் போன் என்றால் “டேட்டா இல்லாத வருஷத் திட்டம் இன்னைக்கு என்ன விலை?” என்று கேட்டு, போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். விலையை எந்தக் காசில் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.